பெயர் எழுதாத சீட்டு

எங்கள் சபையில் ஜெபக் குறிப்பு வாசிக்கும்போது யாருடைய பெயரையும் சொல்லமாட்டார்கள். அது ஒரு மரியாதை. “நம் சபையைச் சேர்ந்த ஒரு சகோதரி” என்று தொடங்குவார்கள். அடுத்து, “புருஷன் கத்தாரில் இருக்கிறார்” என்பார்கள். அதற்கடுத்து, “கம்ப்யூட்டர் வேலை, ஐந்து வாரத்துப் பெண்குழந்தை” என்பார்கள். அதன்பிறகு பெயருக்கு என்ன வேலை?

மூன்று வருடங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்படி வாசிக்கப்பட்ட சகோதரி நான். வாசித்தவர் டீச்சர்.

டீச்சர் என்றால் எங்கள் பக்கத்தில் ஒருவர்தான். களியக்காவிளைக்கு இந்தப்புறம், ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே இருக்கிற இந்த ஊரில் முப்பது வருடம் ஆரம்பப் பள்ளியில் பாடம் எடுத்து ஓய்வு பெற்றவர். பெண்கள் சங்கத்தின் செயலாளர். போதகர்கூட அவரை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார். நான் கல்யாணமாகி இங்கே வந்தவள். என் அம்மா உயிரோடு இல்லாததால் பேறுகாலமும் மாமியார் வீட்டிலேயே ஆனது. குழந்தை பிறந்து ஐந்தாவது வாரம் டீச்சர் ஒரு பொதி முந்திரிக்கொத்துப் பலகாரத்தோடு என்னைப் பார்க்க வந்தார். மாமியாரைக் காப்பி போட அனுப்பிவிட்டு என் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்.

“மக்கா, எல்லாரும் பிள்ளையத்தான் பாக்க வருகா. நான் ஒன்னப் பாக்கதுக்காக்கும் வந்தேன்” என்றார்.

அதுவரை யாரும் அப்படிச் சொன்னதில்லை.  எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். நான் எதையும் வரிசையாகத்தான் சொல்வேன். குழந்தை தூங்கினாலும் எனக்குத் தூக்கம் வரவில்லை. சோறு தொண்டைக்குக் கீழே இறங்கவில்லை. பிள்ளையைப் பார்த்தால் யாருடைய பிள்ளையையோ என்னிடம் பார்த்துக்கொள்ளக் கொடுத்துவிட்டுப் போனதுபோல இருக்கிறது. யாராவது இவளை எடுத்துக்கொண்டு போய்விட்டால் நிம்மதியாக இருக்கும் என்று ஒரு நாளைக்கு நூறு தடவை தோன்றுகிறது. அதற்காக வெட்கமாகவும் இருக்கிறது.

டீச்சர் என் கையைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடி ஜெபித்தார். எழுந்தபோது, “இது நம்ம ரெண்டு பேருக்குள்ள இருக்கட்டும், கேட்டியா?” என்றார். கேட்டேன். நம்பினேன்.

நான்கு நாள் கழித்து ஞாயிறு. சர்ச்சிலிருந்து வந்த மாமியார் புடவைகூட மாற்றவில்லை. கதவருகே நின்று என்னை ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு கட்டிலில் கிடந்த பிள்ளையை எடுத்துக்கொண்டு தன் அறைக்குள் போய்விட்டார்.

அன்று வாசிக்கப்பட்டது என்ன என்பதைப் பின்னால் நான்கு பெண்களிடம் தனித்தனியாகக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். நான்கு பேரும் ஒரே வார்த்தைகளைச் சொன்னார்கள்: “பெற்ற பிள்ளையின்மேல் வெறுப்பை விதைக்கிற பொல்லாத ஆவி இந்த சகோதரியை விட்டு நீங்க.” ஆராதனை முடிந்த பிறகு டீச்சர் மாமியாரைத் தனியாக அழைத்துச் சொன்னதும் தெரிந்தது. “இவளுக்குச் செரியாவதுவரை பிள்ளைய அவ கையில குடுக்காண்டாம்.”

பத்தொன்பது நாள் குடுக்கவில்லை. முதல் ஆறு நாள் பால் கொடுக்க மட்டும் கொண்டுவருவார், முடியும்வரை வாசலிலேயே நிற்பார். ஏழாம் நாள் பால்பொடி டின் வந்தது. பத்தாம் நாள் எனக்குப் பால் வற்றிவிட்டது. இந்த நாட்களில் என்னைப் பார்க்க வந்த பெண்கள் பதினேழு பேர், நான் எண்ணினேன். யாரும் கட்டில் ஓரத்தில் உட்காரவில்லை. கத்தாரிலிருந்து என் கணவர் வீடியோவில் வந்து, “நீ அப்பிடியெல்லாம் நெனைக்கியா? எங்கிட்ட ஏன் சொல்லல? டீச்சர்கிட்ட போய் ஏன் சொன்ன?” என்று கேட்டார். அவருக்கு இரண்டாவது கேள்விதான் பெரிதாக இருந்தது.

வாரங்கள் கழித்து டீச்சரை வழியில் நிறுத்திக் கேட்டேன். அவர் முகத்தில் ஒரு சலனமும் இல்லை.

“நான் பேர் சொல்லலையே மக்கா. ஜெபம்தானே கேட்டேன்.”

நான் மென்பொருள் சோதிக்கும் வேலை பார்க்கிறேன். திருவனந்தபுரத்தில் ஒரு நிறுவனத்துக்காக வீட்டிலிருந்தே செய்கிறேன். பிழை எங்கே வந்தது, எப்போது வந்தது, எதைச் செய்தால் மறுபடி வரும் என்று எழுதிவைப்பதுதான் என் தொழில். சரிசெய்யப்படாத பிழை எத்தனை வருடமானாலும் பட்டியலில் திறந்தே இருக்கும். பழசாகிவிட்டது என்று யாரும் அதை மூடமாட்டார்கள். டீச்சரை நான் அந்தப் பட்டியலில் வைத்தேன்.

அந்தப் பத்தொன்பது நாளுக்கு நடுவில்தான் குழந்தைக்கு ஆறாவது வாரத் தடுப்பூசி வந்தது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாமியார் பிள்ளையை மடியில் வைத்திருக்க, கிராம சுகாதார செவிலியர் பிள்ளையைப் பார்க்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு தாளை எடுத்து, கடந்த ஏழு நாளில் சிரிக்க முடிந்ததா, காரணமில்லாமல் பயம் வந்ததா என்று பத்துக் கேள்விகள் கேட்டார். என் பதில்களைக் கூட்டிப் பார்த்துவிட்டு அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அனுப்பினார். அங்கே மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். இது ஆவி இல்லை, நோய், பிரசவத்துக்குப் பிறகு பலருக்கும் வருவது, குணமாகும் என்று மாமியாரையும் உட்காரவைத்துச் சொன்னார்கள். அந்தப் பிரிவின் சிஸ்டர் எனக்கு ஒரு போன் எண்ணையும் எழுதித் தந்தார்.

“இவ டாக்டர் இல்ல. சிஸ்டரும் இல்ல. ஒனக்கு வந்தது இவளுக்கும் வந்து போயாச்சு. வாரம் ஒருக்க கூப்பிடுவா. பேசணும்னா பேசு, இல்லன்னா சும்மா இரி.”

இப்படி வந்து மீண்டவர்கள், இப்போது அதற்குள் இருப்பவர்களோடு பேசுவதற்காக அங்கே ஒரு சிறு குழு இருந்தது. அவர்களுக்குக் கூட்டுக்காரி என்று பெயர். சினேகிதி என்பதற்கு எங்கள் ஊர் வார்த்தை அது.

என் கூட்டுக்காரி தேங்காய்ப்பட்டணத்துக் கடற்கரைக்காரி. ஐஸ் பிளாண்டில் வேலை. கணவர் விசைப்படகில் போகிறவர். என்னைவிட ஒரு வயது சிறியவள், ஆனால் முதல் அழைப்பிலேயே ஏட்டி என்றுதான் கூப்பிட்டாள்.

“ஏட்டி, ஒறங்குனியா?”

“இல்ல.”

“தின்னியா?”

“இல்ல.”

“யாரையாவது கொல்லணும்னு தோணுதா?”

“ஒரு டீச்சரை.”

 அவள் சிரித்த சிரிப்பில் போன் அதிர்ந்தது. “கொள்ளாம், கொள்ளாம். அப்ப ஒனக்கு உயிரு கெடக்கு. எனக்கு அந்த நேரத்துல கோவம்கூட வரல தெரியுமா? சும்மா சவம் மாதிரி கெடந்தேன்.”

அவளிடம் நான் என் துன்பங்களை எண் போட்டுச் சொல்வேன். “நீ லிஸ்ட் போட்டுத்தான் அழுவியா?” என்று கேட்பாள். ஆனால் கடைசி எண்வரை கேட்பாள். பத்தொன்பதாம் நாள் அவள்தான் சொன்னாள்: “போனை வைக்காத. சட்டைப்பையில போடு. மாமியார் முன்னால போய் நின்னு, பிள்ளையத் தாங்கன்னு சொல்லு. அதுக்கு மேல ஒரு வார்த்தையும் விளக்கம் வேண்டாம். நான் கேட்டுட்டு இருக்கேன்.” போய் நின்றேன். சொன்னேன். மாமியார் தந்தார். அவர் கெட்டவர் இல்லை. அவருக்கு டீச்சர் சொன்னால் வேதம்.

எட்டு மாதம் அவள் என்னோடு பேசினாள். மாத்திரை நின்றது. நான் தேறினேன். ஒரு வருடம் கழித்து சிஸ்டர் என்னையும் கூட்டுக்காரியாகப் பயிற்சிக்கு அழைத்தார். நான்கு விதிகள். அறிவுரை சொல்லக்கூடாது. சாமியை இழுக்கக்கூடாது. கேட்டது வெளியே போகக்கூடாது, எழுதியும் வைக்கக்கூடாது. உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால் மட்டும், பேசுகிற பெண்ணிடம் சொல்லிவிட்டு, சிஸ்டருக்கும் அவள் வீட்டில் ஒருவருக்கும் தெரிவிக்க வேண்டும். யாராவது வரும்வரை அவளைத் தனியே விடக்கூடாது. இரண்டு பக்கமும் பெயர் கேட்பதில்லை என்பது அங்கே முதலிலிருந்தே வழக்கம். தெரிந்த குடும்பம் என்று தெரியவந்தால் உடனே சிஸ்டரிடம் சொல்லி விலகிக்கொள்ள வேண்டும் என்பதையும் சொன்னார்கள். அதை ஐந்தாவது விதி என்று யாரும் எண் போடவில்லை. அது என் சாக்கு இல்லை.

நான்கு பெண்களோடு நன்றாகவே பேசினேன். ஐந்தாவதாக வந்தவள் புதன்கிழமை மூன்று மணிக்கு மட்டும்தான் பேசமுடியும் என்று சொல்லியிருந்தாள்.

முதல் புதன்கிழமை அவள் பேச ஆரம்பித்ததும் மணி அடித்தது. பெண்கள் கூட்டத்துக்காக எங்கள் சர்ச்சில் அடிக்கிற மணி. என் ஜன்னல் வழியாகவும் கேட்டது, போனுக்குள்ளும் கேட்டது.

“அம்மா கூட்டத்துக்குப் போயிருக்கா அக்கா. செகரட்டரி. நாலரைக்குத்தான் வருவா. நான் இப்பிடிப் பேசுகது அவங்களுக்குத் தெரியாது” என்றாள்.

டீச்சருக்கு ஒரே மகள். அஞ்சுகிராமத்தில் கட்டிக்கொடுத்திருந்தார். பேறுகாலத்துக்கு வந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது, ஆண்குழந்தை. நான் இந்த ஊருக்கு வந்தபோது அவள் வெளியூரில் படித்துக்கொண்டிருந்ததால் என் குரல் அவளுக்குத் தெரியாது. எனக்கு எல்லாம் தெரிந்தது. சிஸ்டரைக் கூப்பிட்டு ஒரு வரி சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. போனை வைத்துவிட்டு முகம் கழுவப் போனேன். கண்ணாடியில் நான் சிரித்துக்கொண்டிருந்தேன்.

அவளிடம் நான் ஒரு குறையும் வைக்கவில்லை. இதை யாரும் நம்பாவிட்டாலும் எழுதுகிறேன். மணிக்கணக்கில் கேட்டேன். அவளும் என்னைப் போலத்தான், தூக்கமில்லை, சோறில்லை, பிள்ளை அழுதால் ஓடிப்போகத் தோன்றும். டீச்சருக்குத் தெரிந்திருந்தது, ஆனால் தெரியாததுபோல இருந்தார். “நம்ம வீட்டுல அப்பிடியெல்லாம் வராது. ரெண்டு சங்கீதம் வாசி, எல்லாம் மாறும்” என்றாராம். மனநலப் பிரிவில் எழுதிக் கொடுத்த மாத்திரையை மகள் அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளித்துவைத்துச் சாப்பிட்டாள், பாதி நாள் சாப்பிடாமலும் விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நான் டீச்சரைத் தேடிப்போய் நின்றேன்.

“மோளு எப்பிடி இருக்கா டீச்சர்?”

“கர்த்தர் கிருபையில கொள்ளாம் மக்கா. பிள்ளைக்குத்தான் வயித்து வலி, ராத்திரி ஒறங்க விடமாட்டேங்கான்.”

“அவளுக்கு ஒறக்கம் உண்டா?”

“பின்ன? நல்லா ஒறங்குகா.”

வீட்டுக்கு வந்து எழுதிவைப்பேன். விதியை மீறி ஒரு நோட்டு வைத்திருந்தேன். இடதுபக்கம் டீச்சர் ஞாயிறன்று சொன்னது, வலதுபக்கம் மகள் புதனன்று சொன்னது. ஆறு வாரத்துக்கு அது நிறைந்துவந்தது. அந்த நோட்டைத் திறக்கும்போது இருந்த சந்தோஷம், சம்பளம் ஏறியபோதுகூட எனக்கு இருந்ததில்லை. டீச்சர் ஒரு ஞாயிறு வேறு யாரோ ஒரு சகோதரிக்காக மனமுருகி வாசித்துக்கொண்டிருந்தார். முன்வரிசையில் உட்கார்ந்து அவரையே பார்த்தேன். உங்கள் வீட்டுச் சமையலறையில் அரிசிப் பானைக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியாது. இதை எப்போது, எப்படிச் செலவழிப்பது என்பதை மட்டும்தான் முடிவு செய்யவில்லை.

ஏழாவது புதன்கிழமை அவள் போனை எடுத்துவிட்டு வெகுநேரம் பேசவில்லை. மூச்சு மட்டும் கேட்டது. நான் அவசரப்படுத்தவில்லை. நாற்பது நிமிடம் ஆகியிருக்கும்.

“அக்கா, காலையில துணி அலசப் போனேன். பிள்ளை இடுப்புல இருந்தான். கிணத்தடியில நின்னுட்டேன். எவ்வளவு நேரம்னு தெரியாது. கால் நகரல. பக்கத்து வீட்டு நாய் குரைச்சதுனால திரும்பி வந்தேன்.” பிறகு சொன்னாள், “இப்பவும் அதே நெனப்புதான்.”

“இப்ப எங்க இருக்க?”

“அடுக்களையில.”

“பிள்ளை?”

“தொட்டில்ல. ஒறங்குகான்.”

“நான் சிஸ்டரைக் கூப்பிடப் போறேன். ஒங்க அம்மாகிட்டயும் சொல்லணும். ஒனக்குச் சம்மதமா?”

அழுதாள். “என்னால சொல்ல முடியாது. நீங்க சொல்லுங்க. அம்மாகிட்ட மட்டும் சொல்லுங்க அக்கா.”

என் தேங்காய்ப்பட்டணத்துக் கூட்டுக்காரியை அதே அழைப்பில் சேர்த்துவிட்டு, டீச்சரின் மகளைப் பேச்சில் பிடித்துவைத்துக்கொள்ளும்படி சொன்னேன். அலுவலக போனில் சிஸ்டரைக் கூப்பிட்டேன். உடனே அழைத்துவரச் சொன்னார், வரும்வரை ஒரு நிமிடமும் தனியே விடாதே என்றார். என் குழந்தையை மாமியாரிடம் கொடுத்துவிட்டு ஸ்கூட்டரை எடுத்தேன். டீச்சர் கூட்டத்தில் போனை அணைத்துவைத்துவிடுவார்.

எனக்கு மூன்று வழிகள் இருந்தன. நேரே அந்த வீட்டுக்குப் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, வழியில் பார்க்கிற யாரையாவது டீச்சரிடம் அனுப்பலாம். அல்லது, சர்ச் வழியில்தான் இருக்கிறது, உள்ளே போய் டீச்சரின் காதோரம் சொல்லி அவரைக் கூட்டிக்கொண்டு போகலாம். மூன்றாவது வழியை எந்தப் பயிற்சியிலும் யாரும் சொல்லித்தரவில்லை.

வண்டியை சர்ச் வாசலில் நிறுத்தினேன். கூட்டம் முடிகிற நேரம். ஜெபச் சீட்டுகளை முன்னால் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். எங்கள் பெண்கள் சங்கத்தில் கடைசி பெஞ்சிலிருந்து முன்வரிசைவரை சீட்டு கைமாறிப் போகும், வழியில் யாரும் பிரிக்கமாட்டார்கள். அந்த விஷயத்தில் ரொம்ப நேர்மையானவர்கள். டீச்சர் ஒவ்வொன்றாகப் பிரித்து அப்படியே உரக்க வாசிப்பார்.

கைப்பையிலிருந்து காகிதமும் பேனாவும் எடுத்தேன்.  இப்படி எழுதினேன்:

‘நம் சபையைச் சேர்ந்த ஒரு சகோதரி. பேறுகாலத்துக்குத் தாய்வீடு வந்திருக்கிறாள். இன்று காலை கைக்குழந்தையோடு கிணற்றடியில் நின்றாள். இப்போது வீட்டில் தனியாக இருக்கிறாள். அவள் தாய் இந்தக் கூட்டத்தில் இருக்கிறார்.’

நான்காக மடித்துக் கடைசி பெஞ்சில் இருந்தவரிடம் கொடுத்தேன். அது கைமாறிப் போவதைக் கதவோரம் நின்று பார்த்தேன். ஐந்து பெஞ்சுகள். அந்தச் சீட்டுக்கு முன்னால் இன்னொன்று இருந்தது, யாருக்கோ மூட்டு வலி. அதை முழுதாக வாசித்தார். பிறகு என்னுடையதைப் பிரித்தார்.

“நம் சபையைச் சேர்ந்த ஒரு சகோதரி. பேறுகாலத்துக்குத் தாய்வீடு வந்திருக்கிறாள்.”

அந்தக் குரல்தான். மூன்று வருடங்களுக்கு முன் என்னை வாசித்த, இறங்கி ஏறுகிற அதே குரல். இரண்டு வரிக்குப் பிறகு நின்றது. கண்கள் மட்டும் கீழே ஓடின. வாய் திறந்தபடியே இருந்தது. முன்வரிசையில் யாரோ, “என்ன டீச்சர்?” என்றார்கள். அவர் நிமிர்ந்தார், முழு அறையையும் தாண்டி வாசலில் நின்ற என்னைப் பார்த்தார். யார் எழுதியது, ஏன் இப்படி எழுதினாள் என்பது இரண்டும் அவருக்கு ஒரே நேரத்தில் புரிந்ததை நான் பார்த்தேன்.

அது இனித்தது. இல்லை என்று எழுதினால் இத்தனையும் எழுதியதில் அர்த்தமில்லை.

சீட்டை அங்கேயே போட்டுவிட்டு, செருப்பு போடாமல் ஓடிவந்தார். ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டேன்.  வீட்டில் அவள் அடுக்களைத் தரையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். ஸ்பீக்கரில் என் கூட்டுக்காரியின் குரல் கேட்டுக்கொண்டிருந்தது: “...பின்ன அந்தச் சாளையக் கொண்டுவந்து எனக்கு நெத்திலின்னு விக்கப் பாக்கான். எங்கிட்டயா! மக்கா, இருக்கியா? ம்ம்னு ஒண்ணு மூளு. ஆங். இருக்கா. கேளு...”

டீச்சர் நேரே தொட்டிலுக்குப் போய்ப் பிள்ளையை அள்ளிக்கொண்டு அடுத்த அறைக்கு நடந்தார். நான் வழியை மறித்தேன்.

“பிள்ளைய எங்க கொண்டுபோறீங்க?”

“அவ கையில இப்ப...”

“அவ கையில குடுக்க வேண்டாம். அவ கண்ணு முன்னால வச்சிட்டு இருங்க. அவ பக்கத்துல உக்காருங்க. இதே தரையில.”

முப்பது வருடம் மற்றவர்களை உட்காரச் சொன்னவர் உட்கார்ந்தார். மகள் அவர் தோளில் தலையைச் சாய்த்தாள். ஆட்டோ வந்தது. மருத்துவமனைக்குப் போனோம். ஒரு வாரம் அங்கே வைத்திருந்தார்கள், பிள்ளையோடும் டீச்சரோடும். மாத்திரை ஒழுங்காகத் தொடங்கியது. அஞ்சுகிராமத்திலிருந்து கணவர் வந்து தங்கினார். அவள் பிழைத்தாள். இதைப் படிக்கிறவர்கள் அதற்காகக் காத்திருக்க வேண்டாம் என்பதால் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

சேர்த்த அன்றே மருத்துவமனை வராந்தாவில் டீச்சர் என்னிடம் வந்தார். புடவைத் தலைப்பை இரண்டு கையாலும் முறுக்கிக்கொண்டிருந்தார்.

“என் காதுல வந்து சொல்லியிருக்கலாமே. அத்தனை பேருக்கு நடுவுல...”

“நான் பேர் எழுதலையே டீச்சர்” என்றேன்.

மூன்று வருடம் காத்திருந்து சொன்ன வாக்கியம். அவர் திரும்பி நடந்தார். நான் பின்னாலேயே பார்த்துக்கொண்டிருந்தேன், முதுகு குனிந்திருக்கிறதா என்று பார்க்க.

அன்று மாலை என் கூட்டுக்காரி கூப்பிட்டாள். எல்லாவற்றையும் சொன்னேன், பெருமையாகத்தான் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

“எழுதுகதுக்கு எவ்வளவு நேரம் ஆச்சு?”

“ரெண்டு நிமிஷம்.”

“கைமாறிப் போக?”

“மூணு. முன்னால ஒரு மூட்டு வலி இருந்துது.”

“அஞ்சு நிமிஷம்.” அவள் குரல் உடைந்தது. “சவமே, நான் அங்க மீன் கதை சொல்லிச் சொல்லி அந்தப் பிள்ளையப் பிடிச்சு இழுத்துட்டு இருக்கேன். நடுவுல ரெண்டு தடவை அவ மூளவே இல்ல. தெரியுமா ஒனக்கு? நீ அஞ்சு நிமிஷம் வாசல்ல நின்னு வேடிக்கை பாத்தியா?”

 அதுவரை நான் கணக்கில் எடுக்காத ஒன்றே ஒன்று, அந்த ஐந்து நிமிடத்தில் அடுக்களையில் யார் இருந்தாள் என்பது. டீச்சரின் முகத்தைப் பார்க்கிற அவசரத்தில் அந்த இடத்தில் எனக்கு ஒரு மகள் தெரியவில்லை, டீச்சருடைய ஏதோ ஒரு பொருள் தெரிந்தது. மறுநாள் சிஸ்டரிடம் போய், மணிச் சத்தம் முதல் நோட்டுவரை சொன்னேன். அவர் திட்டவில்லை. என் பட்டியலில் இருந்த மற்றவர்களை வேறு கூட்டுக்காரிகளுக்கு மாற்றினார். ஆறு மாதம் யாரையும் தரமாட்டேன் என்றார். டீச்சரின் மகளே வேறு ஆள் வேண்டும் என்று கேட்டிருந்தாள் என்பதையும் சொன்னார். அவளைத் தேங்காய்ப்பட்டணத்துக்காரியிடம் கொடுத்திருந்தார்கள். நோட்டைக் கிழித்துக் குப்பைத் தீயில் போட்டேன். அது ஒன்றும் பெரிய தியாகம் இல்லை, எனக்கு எல்லாம் மனப்பாடம்.

ஊரில் பேச்சு பரவ ஒரு நாள்தான் ஆனது. அந்த வாரம் எங்கள் சபையில் பேறுகாலத்துக்கு வந்திருந்த பெண்கள் இரண்டே பேர். ஒருத்தியின் அம்மா சீட்டைப் போட்டுவிட்டுச் செருப்பில்லாமல் ஓடினார். கண்டுபிடிக்கப் படிப்பு தேவையில்லை. மருத்துவமனையிலிருந்து திரும்பிய வாரம் டீச்சர் வீட்டுக்கு எத்தனை பேர் பழமும் பலகாரமுமாகப் போனார்கள் என்று நான் எண்ணவில்லை. என் வீட்டு வழியாகத்தான் போனார்கள். ஜன்னலை அடைத்துவைத்தேன்.

மூன்று மாதம் கழித்து அவள் அஞ்சுகிராமத்துக்குத் திரும்புகிற நாளில் எங்கள் வீட்டு கேட்டில் வந்து நின்றாள். தோளில் பிள்ளை, நன்றாகத் தேறியிருந்தான். அவளை நேரில் பார்ப்பது இரண்டாவது தடவை. உள்ளே வரச் சொன்னேன். வரவில்லை.

“அம்மா ஒங்களுக்குச் செஞ்சது எனக்கு அப்பத் தெரியாது அக்கா. இப்ப எல்லாரும் சொல்லியாச்சு. கேட்டப்ப எனக்கே அம்மா மேல வெறுப்பாத்தான் இருந்துது” என்றாள். சாதாரணக் குரலில், மளிகைக் கடையில் நின்று பேசுவதுபோலப் பேசினாள். “ஆனா அந்தக் கிணறு என்னோடது. அம்மாவோடது இல்ல. ஒங்களோடதும் இல்ல. நான் அம்மாகிட்ட மட்டும்னு சொன்னேன்.”

“தெரியும்.”

“இப்ப அஞ்சுகிராமத்துல என் மாமியாருக்குத் தெரியும். இனி பிள்ளை ஒரு தும்மல் போட்டாலும் அவங்க என் கையத்தான் பாப்பாங்க.”

“என் தப்பு. மன்னிச்சிடு” என்றேன். வேறெதையும் சேர்க்கவில்லை, விளக்கம் எதுவும்.

அவள் கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். “அம்மாகிட்டயும் கேப்பீங்களா?”

“மாட்டேன்.”

“அவங்களும் ஒங்ககிட்ட கேக்கமாட்டாங்க. நேத்தும் சொன்னாங்க, ஜெபம்தானே கேட்டேன்னு.” உதட்டை ஒரு பக்கமாக இழுத்தாள், சிரிப்பு மாதிரி. “நல்லாத்தான் பொருந்துகீங்க ரெண்டு பேரும்.”

டீச்சருடன் என்னைச் சேர்த்துச் சொன்னது எனக்குச் சுருக்கென்று தைத்தது.  பிள்ளை என்னைப் பார்த்து வாயில் விரல் வைத்துக்கொண்டிருந்தான். ஆறு வாரம் அவன் அழுகையைப் போனில் கேட்டிருக்கிறேன், பசிக்கு அழுவதற்கும் தூக்கத்துக்கு அழுவதற்கும் வித்தியாசம் எனக்குத் தெரியும். என்னையறியாமல் இரண்டு கையையும் நீட்டினேன்.

அவள் பிள்ளையை மறுதோளுக்கு மாற்றிக்கொண்டாள். பிறகு, “வாறேன் அக்கா” என்று சொல்லிவிட்டு, ஆட்டோ நின்ற இடத்துக்கு நடந்தாள்.